சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள்

முதலாண்டு மாணவர் ஒருவர் டி.சி. கேட்டு முதல்வர் அறை வாசலில் நிற்கிறார். கூலி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த அப்பா பக்கத்தில் நிற்கிறார். காலையில் வந்தவர்களை மதியம் வரை உட்கார வைக்கிறார்கள். பிறகு துறைத் தலைவரை (எச்.ஓ.டி.) பார்க்கச் சொல்கிறார்கள். எச்.ஓ.டி. அலுவலகத்தைக் காட்டுகிறார். அலுவலகத்தில் கால்குலேட்டர் வெளியே வருகிறது. மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டுங்கள், அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. இது அப்பட்டமான விதிமீறல். செய்பவர்களுக்கும் அது தெரியும்.

கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்த கணக்கின்படியே பார்ப்போம். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 85,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 2,55,000 ரூபாய். நடத்தாத வகுப்புக்கு, திறக்காத ஆய்வகத்துக்கு, தராத கல்விக்கு இந்தத் தொகை கேட்கப்படுகிறது. இதற்குக் கட்டணம் என்று பெயர் கிடையாது. பிணைத்தொகை என்று சொல்லலாம்.

விதிகளில் குழப்பம் எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்து, உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. நடப்புப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மேல் முன்கூட்டிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. எந்தக் கட்டத்தில் விலகினாலும் அடுத்த ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. காலியான இடம் நிரம்பாவிட்டாலும் காப்புத்தொகையையும் அசல் ஆவணங்களையும் கொடுத்தாக வேண்டும். கெடு 7 நாள். சான்றிதழ் சந்தைப் பொருளல்ல, அதன் மீது பிடியுரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில் கிடக்கின்றன. வாங்கி வைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அடகுக் கடைக்காரர்கூட ரசீது எழுதித் தருகிறார்.

வெளியே போக நினைப்பவர் ஏன் அப்படி நினைக்கிறார்? இந்தக் கேள்வியைக் கல்லூரி கேட்பதே இல்லை.

பிளஸ்-2 வரை தமிழில் படித்த மாணவர், முதல் பருவத்திலேயே நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். கணினியையே பள்ளி ஆய்வகத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அவர். முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் சரிகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்கிறார். வீட்டுக்குச் சொல்ல முடியவில்லை. விடுதி அறையில் இருப்பவர்கள் அவருக்கு இன்னும் அந்நியர்கள். தூக்கம் போகிறது. வகுப்புக்குப் போக மனம் வரவில்லை. 75 சதவீத வருகைப்பதிவு என்ற கத்தி மேலே தொங்குகிறது. எடுத்த பாடப்பிரிவே மாமா சொன்னது, சித்தப்பா சொன்னது என்றால் சுமை இரட்டிப்பாகிறது.

இந்த நிலையில், வேறு கல்லூரிக்குப் போய்விடலாமா என்ற எண்ணம் வராவிட்டால்தான் வியப்பு. போவது சரியாக இருக்கலாம். இருப்பதும் சரியாக இருக்கலாம். நவம்பரில் போகத் துடிக்கும் மாணவருக்கு யாராவது உட்கார்ந்து பைத்தானைத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால், பிப்ரவரியில் அவரே மனம் மாறக்கூடும். கல்லூரியே சிக்கல் என்றால் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அவர் தேறமாட்டார். எது உண்மை என்று கண்டறிய அவருக்கு ஒரு காது வேண்டும். கொஞ்சம் காலம் வேண்டும். பயமில்லாமல் யோசிக்கும் சுதந்திரம் வேண்டும். மூன்றும் அவருக்கு மறுக்கப்படுகின்றன.

காது இருப்பதாகக் காகிதம் சொல்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மென்டார் உண்டு. மென்டார் புத்தகமும் உண்டு. தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் ஆய்வு வரப்போகிறது என்றால் ஒரே மாலையில், ஒரே பேனாவில், ஆறு மாதத்துக்கான கலந்துரையாடல் குறிப்புகள் அதில் ஏறிவிடுகின்றன. மாணவர் கையெழுத்தும் அப்போதே வாங்கப்படுகிறது. அந்த மென்டார் குறைந்த சம்பளத்தில் வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியர். அவரை நாம் குற்றம் சொல்லவில்லை. அவரை அப்படி எழுத வைக்கும் தாளாளரைச் சொல்கிறோம்.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. டெலி-மானஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரிகள் இதைச் செய்திருக்கின்றன? உயர்கல்வித் துறை கணக்கெடுத்ததா? எடுத்திருந்தால் அதை வெளியிடத் தயக்கம் எதற்கு?

காலமும் மறுக்கப்படுகிறது. இங்கே குற்றம் விதியிலேயே இருக்கிறது. மானியக் குழுவின் 2018 அட்டவணைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பிறகு 15 நாள் வரை விலகினால் 80 சதவீதக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 30 நாள் வரை 50 சதவீதம். அதன் பிறகு சுழியம். முதல் இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வருவதற்குள் இந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கல்லூரி எப்படிப்பட்டது என்று மாணவர் தெரிந்துகொள்ளும் முன்பே, தெரிந்துகொண்டதற்கான பயன் பறிபோகிறது. இந்த அட்டவணையை எழுதியவர்கள் முதலாண்டு விடுதி ஒன்றில் ஒரு வாரம் தங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

பயமில்லாமல் யோசிக்கும் சுதந்திரத்தைப் பறிப்பது மாற்றல் விதி. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பழைய கல்லூரியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். எந்தக் கல்லூரியை விட்டுப் போகிறாரோ அந்தக் கல்லூரியிடமே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் இழக்கப்போகும் நிர்வாகம் மனமுவந்து சாவியைத் திருகுமா? 2021-இல் கல்வி மதிப்பலகு வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் ஈட்டிய மதிப்பலகுகள் நிறுவனம் விட்டு நிறுவனம் போகும் என்றார்கள். மதிப்பலகுகள் போகின்றனவோ என்னவோ, மாணவர் போக முடியவில்லை.

விலகல் கடிதத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். வேறு எதை எழுதினாலும் கடிதத்தை வாங்குவதில்லை. ஆசிரியர் இல்லை, விடுதியில் தொல்லை, பாடம் புரியவில்லை என்பவை எல்லாம் இந்தச் சொந்தக் காரணங்களுக்குள் புதைக்கப்படுகின்றன. ஆய்வுக்கு வரும் குழுவின் கண்ணில் கல்லூரி குறையற்றதாகத் தெரிகிறது.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? சான்றிதழைப் பூட்டி வைத்திருக்கும் முதல்வர். பூட்டச் சொன்ன தாளாளர். ஆண்டுதோறும் இணைப்பு ஆய்வு நடத்தியும் அந்த பீரோவைத் திறந்து பார்க்காத அண்ணா பல்கலைக்கழகம். புகார் மனுவை அதே கல்லூரிக்கே விளக்கம் கேட்டு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடும் அதிகாரிகள். தண்டிக்கும் அதிகாரத்தைக் கையேட்டில் மட்டும் வைத்திருக்கும் தொழில்நுட்பக் கல்விக் குழு. இவர்கள் அனைவரையும் கேள்வி கேட்க வேண்டிய உயர்கல்வித் துறை.

நாம் கேட்பது புதிய சட்டம் அல்ல; இருக்கும் விதிகளின் அமலாக்கமும் ஓரிரு திருத்தங்களும்தான். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் ஓர் அசல் சான்றிதழ்கூட இருக்கக் கூடாது. இருப்பதை மாணவர் கேட்காமலே இந்த மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தடையின்மைச் சான்றை 7 நாளில் தராவிட்டால் தந்ததாகவே கொள்ள வேண்டும். கட்டணம் திருப்பும் கெடு, முதல் பருவத் தேர்வு முடிவு வரை நீட்டப்பட வேண்டும். ஆலோசகரின் பெயரும் அவர் இருக்கும் நேரமும் ஒவ்வொரு விடுதி வாசலிலும் எழுதப்பட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறோம். கூடுதல் பணம் கட்டிச் சான்றிதழை மீட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், குழுவின் முடிவு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் கறப்பதற்காக ஆவணத்தை நிறுத்தி வைப்பதே ஒரு குறை என்று மாணவர் குறைதீர்ப்பு குறித்த மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது.

அடுத்த பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் முன், சான்றிதழ் தர மறுத்த கல்லூரிகளின் பெயர்களைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மாணவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கட்டும்.