வயலை நிரப்பிய காணியை நாம் வாங்கலாமா?

வவுனியாவுக்குக் கடலும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. கண்டி வீதியின் இருபுறமும் எத்தனை கடைகள் எழுந்தாலும், இந்நகரத்துக் கிணறுகளில் தண்ணீர் நிற்பது சுற்றியுள்ள குளங்களாலும் வயல்களாலுமே. கமக்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

1990களில் முகாம்களுக்கு வந்தவர்கள், 2009இல் மெனிக்பாமில் அடைபட்டு வெளியேறியவர்கள் என நம்மில் பல குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. மண்வெட்டி பிடித்த கை மேசன் கரண்டி பிடிக்கிறது. உழவு இயந்திரம் ஓட்டியவர் கிரவல் ஏற்றுகிறார். பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி, நாட்கூலி எல்லாம் இங்கேதான். ஏன் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாடகை கொடுத்து அறியாதவர்கள்.

வாடகை கொடுத்துக் களைத்தவருக்குச் சொந்தக் காணி ஆசை வருவது நியாயமே. ஆனால் நமது கைக்கு எட்டும் விலையில் வருவது அநேகமாகப் பள்ளக்காணி. தரகர் அதைக் கோடையில்தான் காட்டுவார். புதுக் கிரவல் பரவி, மேடு போலத் தெரியும். பக்கத்து வரம்பு எங்கே மறைகிறது, வாய்க்கால் எதில் முட்டி நிற்கிறது, குளம் வான் பாய்ந்தால் வெள்ளம் எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் நமது கண்ணுக்குத் தப்பாது. தப்பாதிருந்தும், விலையைக் கேட்டதும் பேசாமல் இருந்துவிடுகிறோம். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் தன் பழைய வழியைத் தேடி வரும். மலசலகூடக் குழி நிரம்பி வழியும். சில யார் தள்ளி இருக்கும் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளுகிறோம். வாய்க்கால் அடைபட்டதால் மேல்வயல்காரரின் வெள்ளாமையும் அழுகும்; அவரும் நம்மைப் போன்ற கமக்காரரே.

உறுதி முடித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். உறுதி காணியின் உரிமையைக் காட்டுமேயன்றி, வயலை நிரப்ப அனுமதி தராது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். முற்பணம் கொடுக்குமுன் கமநல சேவை நிலையத்துக்குப் போய், அக்காணி வயலாகப் பதியப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். அரைநாள் கூலிதான் போகும்.

பேருந்தில் போய்வரும் தூரமானாலும், அளவில் சிறிதானாலும் மேட்டுக்காணியே மேல். அதற்கும் வசதியில்லாத குடும்பங்களுக்கு அரச மேட்டுநிலத்தில் காணி ஒதுக்கும்படி பிரதேச செயலகத்தில் கூட்டாகக் கேட்க வேண்டும். தனித்தனியே தரகரிடம் போவதனால்தான் வயல்கள் ஒவ்வொன்றாகக் கிரவலுக்குள் போகின்றன.