விண்டர் ரயருக்குக் காற்றைக் குறைக்காதீர்கள்

நவம்பர் பிறந்தால் ஸ்காபரோ கராஜ்களில் ரயர் மாற்ற இடம் கிடைப்பது பெரும்பாடு. அங்கே காத்திருக்கும்போது ஆண்டுதோறும் காதில் விழும் ஆலோசனை ஒன்றுண்டு: "அண்ணை, ஸ்னோவுக்குக் காத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ, நல்லாப் பிடிக்கும்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது ஆபத்தான ஆலோசனை.

காற்றைக் குறைப்பது மணலிலும் ஆழமான பனியிலும் மெல்ல ஊர்ந்து போகிறவர்களுக்கு உதவும். நாங்கள் ஓடுவதோ உப்புப் போட்டு வழித்த 401 நெடுஞ்சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில். அங்கே காற்றுக் குறைந்த ரயரின் நடுப்பகுதி ஒழுங்காக நிலத்தை அழுத்தாது. பனியைக் கவ்வுவதற்கென்றே ரயரில் வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்கள் மூடிக்கொள்ளும். பாதி உருகிய பனியில் வண்டி மிதக்கும், பிரேக் பிடித்தாலும் திருப்பினாலும் சொல் கேட்காது.

நாங்கள் குறைக்காவிட்டாலும் குளிர் குறைத்துவிடும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. போய்விடும். 20 டிகிரிச் சூட்டில் இருக்கும் கராஜுக்குள் 35 அடித்த ரயர், மைனஸ் 20 விடியலில் ஓட்டை ஏதுமின்றியே 28 காட்டும். டாஷ்போர்டின் மஞ்சள் விளக்கை நம்பியும் இருக்க முடியாது. பெரும்பாலும் கால்வாசி குறைந்த பிறகுதான் அது எரியும். 28இல் எரியாமலே இருக்கலாம். எரிந்தாலும், கொஞ்சத் தூரம் ஓடி ரயர் சூடானதும் அணைந்துவிடும். "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் காலை பழையபடி குறைந்தே நிற்கும். விண்டருக்கென்று தனி றிம் வாங்கியவர்கள் பலர் அதற்குச் சென்சர் போடுவதுமில்லை.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, பூட்டினால் 2016 முதல் காப்புறுதியில் கழிவு உண்டு. ரயருக்கு இவ்வளவு செலவழிக்கும் நாங்கள், காற்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஏன் பஞ்சிப்படுகிறோம்?

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள அளவுதான் உங்கள் காருக்கு உரியது. ரயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்க வேண்டாம். பெற்றோல் நிலையத்துக்கு ஓடிப்போய் அளந்தால் சூடான ரயர் கூட்டித்தான் காட்டும். அதனால் வீட்டில் ஒரு கேஜ் வேண்டும். இரவு முழுக்க வெளியில் நின்ற காரை, ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன் அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை போதும். ஆனால் கடுங்குளிர் எச்சரிக்கை வந்த மறுநாள் காலை, நான்கு ரயரையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.