வாசலில் மணி, பரணில் மேனேஜர்

பகைக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் நம் ஆட்கள் கீரியும் பாம்பும் என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் எலியும் பூனையும். நாயும் பூனையும் என்று இங்கிலீஷ்காரன் சொல்கிற அளவுக்கு நாம் சொல்வதில்லை. அவன் ஊரில் மழையே நாயும் பூனையுமாகத்தான் பெய்யும். நமக்கு கொட்டோ கொட்டென்று கொட்டும், அவ்வளவுதான்.

ஏனென்று யோசித்துப் பார்த்தேன். (என் சொந்த ஆராய்ச்சி. தொல்பொருள் துறையிடம் போய்க் கேட்காதீர்கள்!) அந்தக் காலத்து வீட்டில் நாய்க்கு வாசல், பூனைக்கு அடுப்படி. இரண்டுக்கும் நடுவில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ஒரு தாலுகாவே இருக்கும். நாய் திருடனைப் பார்த்துக்கொள்ளும், பூனை எலியைப் பார்த்துக்கொள்ளும். டிபார்ட்மெண்ட் வேறு, டிபன் நேரமும் வேறு. சண்டை போட சந்தர்ப்பம் எங்கே?

இன்றைக்கு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன். ஹாலில் நாய் கொட்டாவி விட்டால் கிச்சனில் பூனையின் மீசை ஆடும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடும் அப்படித்தான். ஒரே உபரி, பின்பக்கம் துவைக்கிற கல்லோடு ஒரு தாழ்வாரம். அங்கே இரண்டு பூனைகள். ஐந்து வயதானது மேனேஜர். எந்த வேலையும் செய்யாது, எல்லோரையும் முறைக்கும். நாலு வயதானது கேஷியர். அம்மா மீன் ஆயும்போது ஒரு காரப்பொடிகூட கணக்கில் விடாது. இவைகளோடு அம்மா, நான். அம்மாவைப் பொறுத்தவரை இந்த வரிசையில் நான் கடைசி.

இந்த ஆபீஸுக்கு இப்போது ஒரு புது அப்பாயின்ட்மெண்ட் சிபாரிசோடு வந்திருக்கிறது.

சிதம்பரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பெங்களூரில் பெண் வீட்டோடு போகிறார். சித்தி போன பிறகு தனியாக இருக்க முடியவில்லை. பேத்திக்கு வீஸிங், நாய் முடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே மூன்று வயது மணிக்கு இடம் தேட வேண்டும். கெடு, மாசக் கடைசி.

"தம்பி, சிப்பிப்பாறைடா அது. தெரியாதவன் கிட்ட குடுக்க மனசு வரல" என்கிறார் சித்தப்பா. அவர் வீட்டுப் பக்கத்து டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிப்பிப்பாறைக்கும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கும் பொறந்தது ஸார்" என்றார். காலைப் பார்த்தால் சித்தப்பா சொல்வது உண்மை, காதைப் பார்த்தால் டீக்கடைக்காரர் சொல்வது உண்மை.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற ஜாதி. எதிரில் ஒன்று ஓடினால் 'யார் நீங்கள், என்ன விஷயம்' என்று விசாரிக்காது, துரத்தும். பூனை பயந்தால் என்ன செய்யும்? ஓடும். பிரச்னையே அங்கேதான். இரண்டும் கெட்டதுகள் அல்ல. அதது பழகின வேலையை அதது செய்யும். நடுவில் முற்றம் இல்லை என்பதுதான் கோளாறு.

அப்புறம் பாஷை. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை சளக் சளக்கென்று அடித்தால், 'இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் தெரியும் சேதி.' நாய் முன்னங்காலைத் தூக்கினால் வா விளையாடலாம். பூனை தூக்கினால் அறை விழப்போகிறது. அறை கண்ணில் பட்டால் நாய்க்குக் கண் போய்விடும். ஆபத்து பூனைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் பாஷையைக் கற்றுக்கொள்கின்றனவாம். இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரே வீட்டில் வாழும் நாய், பூனைகளைக் கவனித்து 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறைய வீடுகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன, ஒன்றின் வால் பாஷையை மற்றது புரிந்துகொள்கிறது என்று கண்டார்கள். முதலில் பூனை, பிறகு நாய் வந்த வீடுகளில் சிநேகம் சுலபம். பூனைக்கு ஆறு மாசமும் நாய்க்கு ஒரு வயசும் ஆவதற்குள் பழக்கிவிட்டால் ரொம்ப சிலாக்கியம்.

எங்கள் கேஸில் வரிசை சரி. வயசு மூன்றுக்கும் தப்பு. நூற்றுக்கு ஒரு முப்பத்தஞ்சு மார்க் போடலாம், ஜஸ்ட் பாஸ்.

நான் பி.காம். எதையும் ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாய் உள்ளே வருகிறது. வெளியே போவது எது? பணம் என்பீர்கள். சோறு, முட்டை, தடுப்பூசி எல்லாம் சமாளிக்கக்கூடிய தொகைதான். போவது நேரம். மணியைக் காலையில் அரை மணி, சாயந்திரம் அரை மணி நடத்த வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 365 மணி, அதாவது பதினைந்து முழு நாள். அது இன்னும் ஒன்பது வருஷம் இருந்தால் கிட்டத்தட்ட நாலரை மாசம் நான் இரவு பகலாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் காசிக்கே போய் வந்துவிடலாம்.

பூனைக்கு இந்தச் செலவே கிடையாது. கதவைத் திறந்தால் போகும், பசித்தால் வரும். பேயிங் கெஸ்ட் மாதிரி, பேயிங் மட்டும் கிடையாது.

ஆபீஸ் போகும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டி, ராத்திரி எட்டு மணிக்குத் திறக்கிற பேச்சிலர் அறையில் ஒரு பூனை இருக்கலாம். பூனையோடு ஒரு புது நாயும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டின அறைக்குள் இருக்கக்கூடாது. முதல் சில வாரங்களுக்கு இரண்டையும் தனியாக விடவே கூடாது என்கிறார் கால்நடை டாக்டர். என் விஷயத்தில் ஒரு சௌகரியம், நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். 'பையன் சும்மாதான் இருக்கான்' என்று அம்மா உறவினர்களிடம் சொல்வது வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தகுதியாகியிருக்கிறது.

சித்தப்பா விடவில்லை. சுனாமியை எடுத்தார். 2004 டிசம்பர் 26-இல் பாண்டிச்சேரி பக்கம் சின்னகாலாப்பட்டில் ஏழு வயசுப் பையன் ஒருவன் கடலுக்குப் பக்கத்திலிருந்த குடிசைக்குள் ஓடிவிட, வீட்டு நாய் அவனைக் கடித்து இழுத்து மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த நாய்க்குப் பெயர் செல்வகுமார்!

"பாத்தியா? நாய்ன்னா அது" என்றார் சித்தப்பா.

"செல்வகுமார் வேற, மணி வேற சித்தப்பா" என்றேன்.

அடுத்தது அம்மாவிடம் ஆன்மிகம். "அண்ணி, பைரவரே வாசல் தேடி வர்றார்."

"வரட்டும். என் பூனையை பிரசாதமாக்காம இருந்தா சரி."

அம்மாவின் பயம் நியாயமானது. அந்தப் பூனைகள் யாரையும் கேட்காமல் இந்த வீட்டை ஆள்கின்றன. அவைகளைக் கேட்காமல் நாம் ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். நாய்க்குப் போக இடமில்லை என்பது வாஸ்தவம். அதற்காக, இருக்கிறவர்கள் வீட்டை விட்டு ஓடும்படி ஆகிவிட்டால்? பூனை சண்டை போடாது, பேசாமல் வேறு வீடு பார்த்துக்கொள்ளும். அல்லது சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். பூனைக்கு ரெண்டு மூணு நாள் பட்டினி என்பது சாதாரண விஷயமில்லை, ஈரலே கெட்டுப்போகும்.

இன்னொரு பக்கம் மணி. யாரும் எடுக்காவிட்டால்? "பிச்சாவரம் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டா பொழச்சிக்கும்" என்று ஒரு மகானுபாவர் யோசனை சொன்னாராம். மூன்று வருஷம் தட்டில் சோறு தின்ற நாய் எப்படி ஸார் பிழைக்கும்? இது குற்றமும்கூட. பட்டினியால் அவதிப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. முதல் தடவைக்கு அபராதம், 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் அது பணம். இன்றைக்கு ரெண்டு காபி.

நாய் விஷயத்தில் அவசரப்படுவது யாருக்கும் நல்லதல்ல. டெல்லித் தெரு நாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 11-இல் சுப்ரீம் கோர்ட் எல்லாவற்றையும் பிடித்து அடைக்கச் சொன்னது. 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் மட்டும் விடாதே என்றது. சுப்ரீம் கோர்ட்டுக்கே மறுயோசனை வேண்டியிருக்கிறது. மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு ஒரு மாசம் அவகாசம் அதிகமில்லை என்று அம்மாவிடம் மனு போட்டேன். அனுமதி கிடைத்தது.

முதல் பரீட்சை சிதம்பரத்தில். போன ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன். சித்தப்பா வீட்டு மதில் மேல் தினமும் நாலு மணிக்கு ஒரு சாம்பல் பூனை நடக்கும். மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். டாக்டர் சொல்லியிருந்தார்: "குரைச்சா பயப்படாதீங்க. சத்தமே போடாம, உடம்பை வெறைச்சிக்கிட்டு, கண்ணெடுக்காம பாக்குது, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பலேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க." குரைக்கிறதைவிட அந்த மௌனம்தான் ஆபத்தாம். ஆபீஸ்களிலும் இது உண்மை.

பூனை வந்தது. மணி எழுந்தது. காது நிமிர்ந்தது. என் வயிற்றில் ஏதோ செய்தது. நாலு தடவை குரைத்தது, சங்கிலியை இழுத்தது. சித்தப்பா, "மணி, இங்க வாடா" என்றார். திரும்பிப் பார்த்தது. மறுபடி பூனையைப் பார்த்தது. அப்புறம் வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, பொறை பிஸ்கட்டுக்காகக் கையைப் பார்த்தது.

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

அன்றைக்கு மணி படுக்கும் கோணிச் சாக்கை ஒரு பையில் சுருட்டி எடுத்துவந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எழுந்து போய் நின்றுகொண்டார். நாய் வருவதற்கு முன்னால் நாயின் வாசனை வரவேண்டும், இது இரண்டாவது பரீட்சை. சாக்கைத் தாழ்வாரத்தில் விரித்தேன். கேஷியர் முதுகை வளைத்து, வாலைப் பாட்டில் பிரஷ் மாதிரி ஆக்கிக்கொண்டு பரணில் ஏறிவிட்டது. மேனேஜர் தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முறைத்தது. முதல் நாள் ராத்திரி இரண்டும் சாப்பிடவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மீன் தட்டைச் சாக்கிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம். சாப்பிட்டன. அடுத்த நாள் ஆறடி. நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தால் மேனேஜர் சாக்கின் நடுவில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. கேஷியர் இன்னும் பரணைவிட்டு இறங்க யோசிக்கிறது. பரவாயில்லை, பணம் கையாளுகிறவர்கள் அப்படித்தான்.

பரணைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருந்த பித்தளை அண்டாக்களை இறக்கிவிட்டு, ஏறுவதற்கு வசதியாக சுவரில் இரண்டு பலகை அடித்திருக்கிறேன். இனி பூனைகளுக்குச் சாப்பாடும் மேலேதான். கீழே வைத்தால் மணி ஒரே வாயில் முடித்துவிடும். தாழ்வாரத்துக்கும் கிச்சனுக்கும் நடுவில் பாதிக் கதவு ஒன்று ஆசாரி செய்து தருகிறார். இரண்டும் பார்க்கலாம், தொட முடியாது. தடுப்பூசியும் மூன்றுக்கும் சேர்த்துத்தான், வெறிநோய்க்குப் பூனையும் விலக்கல்ல. நடுவில் யாருக்காவது பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள் வைப்பதெல்லாம் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவும் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். ரெண்டு மாசம். அதற்குள் கேஷியர் தரையில் நடக்கவில்லையென்றால் மணிக்கு வேறு நல்ல வீடாக நானே பார்க்க வேண்டும். விருத்தாசலத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் சிநேகிதனிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். அவன் வீட்டில் பூனை கிடையாது.

சித்தப்பாவுக்கு நேற்று ராத்திரி போன் பண்ணினேன். "அடுத்த வெள்ளிக்கிழமை குட்டி யானை வண்டி பேசியிருக்கேன் சித்தப்பா. நீங்களும் கூட வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "அதுக்குப் பொறை பிஸ்கட் அங்க கெடைக்குமாடா?"