காலுக்குக் காப்பு: சலுகை அல்ல, சட்டம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் நகர, பேரூராட்சித் தெருக்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். சாக்கடை அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் தெருவில் தேங்கும். மண்வெட்டியும் மூங்கில் கழியுமாகத் தூய்மைப் பணியாளர் வந்து இறங்குவார். ஆண் என்றால் கைலி தொடைவரை மடித்துக் கட்டப்பட்டிருக்கும். பெண் என்றால் சேலை முழங்காலுக்கு மேல் செருகப்பட்டிருக்கும். மேலே ஒளிரும் சட்டை இருக்கும். புகைப்படத்தில் அது நன்றாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே பாருங்கள். பல இடங்களில் ரப்பர் செருப்பு. சில இடங்களில் அதுவும் இல்லை.

அந்தத் தண்ணீரில் உடைந்த பாட்டில் கிடக்கும், மருத்துவ ஊசி கிடக்கும், துருப்பிடித்த ஆணி கிடக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நிற்பவருக்குக் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், உயிரையும் எடுக்கும். மலம் கலந்த மண்ணில் வளரும் கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்க் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தப் புண்ணே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

காலைக் காப்பது எப்படி என்று நம் அரசுக்குத் தெரியாதா? கலவரத் தடுப்புக்கு நிற்கும் காவலரைப் பாருங்கள். முழங்கால் முதல் கணுக்கால் வரை கெட்டியான கவசம் கட்டியிருப்பார். கிரிக்கெட் ஆடப் போகும் பள்ளி மாணவன்கூடக் காலில் பேடு கட்டாமல் மட்டையைத் தூக்குவதில்லை. எறியப்படும் கல்லுக்கும் பந்துக்கும் கவசம் உண்டு. தினமும் மலத்திலும் கண்ணாடித் துண்டிலும் நிற்கும் காலுக்கு மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை. மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1930 டிசம்பரில் நம் அண்டைப் பகுதியான அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது என்பது அதில் ஒரு தடை. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது இன்னொரு தடை. தலித்தின் முழங்காலுக்குக் கீழே துணியோ தோலோ இருக்கக் கூடாது என்று சாதி ஒரு சட்டமே போட்டிருந்தது. ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த தாத்தாக்களின் கதை நம் சேரிகளில் இன்னும் வாழ்கிறது. ஊருக்கெல்லாம் செருப்பும் கமலைக்குத் தோல் பையும் தைத்துக் கொடுத்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளே இன்று தமிழகத்தின் தூய்மைப் பணியில் அதிகம் நிற்கிறார்கள். தைத்த கைக்குச் சொந்தமான கால் மட்டும் வெறுங்காலாகவே இருந்தது.

தமிழ் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பெரும்பாணாற்றுப்படை, வழிநடந்த வணிகரின் காலணியை 'அரணம்' என்ற சொல்லால் குறிக்கிறது. கோட்டைக்கும் கவசத்துக்கும் காட்டுக்காவலுக்கும் வழங்கிய சொல் அது. காலணி என்பது காலைச் சுற்றிய காவல் என்று நம் மொழி அன்றே அறிந்திருக்கிறது. அந்தக் காவல் யாருக்கு என்பதில்தான் சாதி குறுக்கே வந்தது.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், வேலை கொடுப்பவர் தர வேண்டிய பாதுகாப்புப் பொருட்களை நீண்ட பட்டியலாகத் தருகின்றன. கம்பூட்ஸ் அதில் இருக்கிறது. மீன் பிடிப்போர் தண்ணீரில் இறங்கும்போது அணிவதுபோல பூட்ஸோடு சேர்த்துத் தைத்த, இடுப்புக்கு மேல் வரும் நீர்புகா உடை இருக்கிறது. உடல் முழுவதையும் மூடும் நீர்புகா உடையும் இருக்கிறது. குப்பை அள்ளுவோருக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, முகக்கவசத்தோடு தகுந்த காலணியும் தரப்படுவதை உள்ளாட்சி அமைப்பு உறுதி செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எழுதி வைத்தன. ஆகவே பூட்ஸ் என்பது தீபாவளிக்குத் தரும் இனாம் அல்ல. தலைவரோ செயல் அலுவலரோ மனமிரங்கித் தருவதும் அல்ல.

ஆனால் இதே சட்டத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கப் பகுதி சொல்கிறது. 'அபாயகரமான துப்புரவு' என்பதற்கும் பாதுகாப்பு உடையும் கருவியும் தராமல் செய்விப்பது என்றுதான் பொருள் தரப்பட்டிருக்கிறது. அதாவது ஒரு ஜோடி பூட்ஸ் வந்துவிட்டால் அந்த மனிதர் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். வேலை அதேதான், சாதி அதேதான், பெயர் மட்டும் மாறிவிடுகிறது. பூட்ஸ் காலைக் காக்க வந்ததா, கணக்கைக் காக்க வந்ததா என்று கேட்க வேண்டிய இடம் இது. வாங்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பூட்ஸை அறைக்குள் பூட்டி வைத்தால் அது இரண்டாவது வகை.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பூட்ஸும் நச்சு வாயுவைத் தடுக்காது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுவும் ஆக்சிஜன் இல்லாமையும்தான். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் மயங்கி இறப்பதை எத்தனை செய்திகளில் வாசித்துவிட்டோம்! ஆகவே 'பூட்ஸ் கொடுத்துத்தானே இறக்கினோம்' என்று எவரும் தப்பிக்கக் கூடாது. இயந்திரத்தை இயக்கவே முடியாத சில வேலைகளுக்கு மட்டும், அதுவும் கழிவுநீரை முழுவதுமாக வெளியேற்றிய பிறகு மட்டும்தான் மனிதர் இறங்கலாம் என்கின்றன 2013 விதிகள். மற்றபடி இயந்திரம்தான். பாதுகாப்பின்றி இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் இது.

இழந்த உயிருக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உடல் ஊனமுற்றால் குறைந்தது பத்து லட்சம், நிரந்தர ஊனத்தால் பிழைப்பே போனால் குறைந்தது இருபது லட்சம் தர வேண்டும் என்றும் சொன்னது. சாக்கடையில் காலை இழந்தவருக்கும் இது பொருந்தும் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

'கொடுத்தாலும் அவர்கள் போடுவதில்லையே' என்று அலுவலகங்களில் ஒரு பதில் தயாராக இருக்கும். ஏன் போடுவதில்லை என்று எவராவது கேட்டதுண்டா? ஆறாம் அளவுக் காலுக்கு ஒன்பதாம் அளவு பூட்ஸ் கொடுத்தால் சேற்றில் கால் வரும், பூட்ஸ் வராது. பெண்களின் காலுக்கு ஏற்ற அளவு வாங்கப்படாவிட்டால் அவர்கள் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். முழங்கால் ஆழத் தண்ணீருக்குக் கணுக்கால் உயரப் பூட்ஸ் கொடுத்தால் அது தண்ணீர் மொள்ளும் வாளியாகிவிடும். சித்திரை வெயிலில் காலுறை இல்லாமல் ரப்பரை மாட்டினால் கால் வெந்துபோகும். கிழிந்ததற்கு மாற்று இல்லை, கழுவிக் காய வைக்க இடமில்லை என்றால் எத்தனை நாள் போட முடியும்? குறை காலில் இல்லை, வாங்கிக் கொடுத்த விதத்தில் இருக்கிறது.

மனிதக் கழிவு சாதியின் கருவியாக எப்படி மாறும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாடே பார்த்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு நாம் சில கேள்விகளைக் கேட்கத் தொடங்கலாம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் எத்தனை பேர்? கடந்த ஆண்டு எத்தனை ஜோடி பூட்ஸ் வாங்கப்பட்டது? அவரவர் கால் அளவு எடுக்கப்பட்டதா? கிழிந்தால் எத்தனை நாளில் மாற்று? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவில் ஒரு கல்லூரி மாணவரே இதைச் செய்துவிடலாம். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் ஆளைத் தேடாதீர்கள், கழிவுநீர் உறிஞ்சும் வண்டியை அழையுங்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, சவரக்கத்தி, நாப்கின் ஆகியவற்றைத் தனியாகப் பொதிந்து கொடுங்கள். நாம் குப்பையில் வீசும் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் ஒருவர் காலைத் தேடித்தான் போகிறது.

புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆனது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர்கள் உயர்ந்துவிட்டன. மரியாதை என்பது பெயர்ப் பலகையில் இருந்தால் போதாது, முழங்காலுக்குக் கீழேயும் தெரிய வேண்டும். முதலில் இயந்திரம் வரட்டும். அது வரும்வரை, அது போக முடியாத தெருச் சாக்கடையில், காலுக்குப் பொருந்திய, ஓட்டை இல்லாத, உரிய உயரமுள்ள பூட்ஸ் இல்லாமல் எவரும் இறங்க மாட்டார் என்று இந்த மழைக்காலத்திலேயே மாவட்ட நிர்வாகம் அறிவிக்கட்டும். பூட்ஸ் தராவிட்டால் 'இறங்க மாட்டோம்' என்று தொழிலாளர்கள் சொல்லும்போது ஊர் அவர்கள் பக்கம் நிற்கட்டும்.