கணக்கா, விளம்பரமா?



மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்னும் கவலை நம் இல்லங்களில் குடிபுகுந்துவிடுகிறது. கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி, படித்தபின் வேலை கிடைக்குமா என்று பலரிடமும் விசாரிக்கிறோம். இக்காலத்தில் பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களில் இன்னொரு பக்கமும் இடம்பெறுகிறது. எங்கள் வளாகம் இயற்கையைப் பேணுகிறது என்று அறிவிக்கும் பக்கம் அது. நட்ட மரங்களின் எண்ணிக்கை, கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள், மழைநீர் சேகரிப்புக் குழிகளின் படங்கள் என அழகாகவே இருக்கும். பெற்றோர் பெரும்பாலோர் அதைப் பாராமலே கடந்துவிடுகின்றனர். அதையும் ஊன்றிப் படிக்கவேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல விழைவது.

இவ்வழக்கம் திடீரென முளைத்ததன்று. 1990-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தலுவார் என்னும் ஊரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், சுற்றுச்சூழலைக் காப்பது தங்கள் கடமை என்று ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். 2010-இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 'கிரீன்மெட்ரிக்' என்னும் தரவரிசையைத் தொடங்கிற்று. ஆற்றல், நீர், கழிவு, போக்குவரத்து முதலியவற்றைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் தாமே அனுப்பும் விவரங்களே அதற்கு அடிப்படை. நம் நாட்டிலோ, 1994-இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவாகிய 'நாக்', தன் ஏழாவது அளவுகோலில் இவற்றைச் சேர்த்தது. கல்லூரிகள் தம் தன்மதிப்பீட்டு அறிக்கையை இணையத்தளத்தில் அனைவரும் காண வெளியிடவேண்டும் என்றும் விதித்தது. ஆக, நாம் கேளாமலே நம் கைக்கு ஒரு கணக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது நன்மையே, ஐயமில்லை.

ஆயினும் அக்கணக்கில் ஒரு குறையுண்டு. 2020-ஆம் ஆண்டையொட்டி நடைமுறையிலிருந்த 'நாக்' கையேட்டில், நீர் சேமிப்புக்கு மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மறுசுழற்சி போன்ற சில வசதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எத்தனை உள்ளன என்று எண்ணியே மதிப்பெண் அளித்தனர். குழி உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு' என்ற விடையும் படமும் போதும். அந்தக் குழியில் எவ்வளவு நீர் இறங்கிற்று, அவ்வாண்டில் எத்தனை லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு இது எங்கோ நடக்கும் செய்தியன்று. காட்டாங்குளத்தூரிலும், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் பெரிய பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. பல்லாயிரம் மாணவர் தங்கும் விடுதிகளுக்குத் தண்ணீர் வேண்டும். அது இம்மண்ணிலிருந்தும் இம்மண்ணின் ஏரிகளிலிருந்தும்தான் வரவேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, புறநகர்ச் சிற்றூர்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனதை மறந்துவிட்டோமா? மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கிற்று. 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் ஆலையும் சேர்ந்தது. கடலையே குடிக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட நாட்டில், ஒரு வளாகத்தின் தண்ணீர்க் கணக்கு அதன் மதிலுக்கு வெளியே குடம் ஏந்தி நிற்கும் தாயின் கணக்குமாகும்.

கணக்குக் காட்டும் ஒழுக்கம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. செங்கல்பட்டுக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஏரி வாரியம் உள்ளிட்ட குழுக்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேரும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேரப்படத் தகுதியற்றவன். அவன் நெருங்கிய உறவினருக்கும் அதே தடை! ஊரார் அனைவரும் காணும் சுவரிலே இவ்விதி பொறிக்கப்பட்டது. இன்றைய இணையப்பக்கமும் அத்தகைய பொதுச் சுவரே. ஆனால் சுவரில் எழுதிவிட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடுமா?

ஆலயத்தில் செபிக்கச் சென்ற இருவரைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நினைத்துப் பாருங்கள். பரிசேயன் தன் நோன்பையும் காணிக்கையையும் வரிசையாக எடுத்துரைத்தான். அவன் சொன்னது பொய்யென்று ஆண்டவர் கூறவில்லை. ஆயினும் அவன் கணக்கில் வரவு மட்டுமே இருந்தது. பற்றாக்குறை ஒன்றேனும் இல்லை. தன் குறையை அறிந்து நின்ற வரிதண்டுபவனே இறைவனுக்கு ஏற்புடையவனாய் வீடு திரும்பினான். பங்கின் ஆண்டுக் கணக்கில் வரவை மட்டும் வாசித்துவிட்டுச் செலவை நாம் மறைத்தால், நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? ஒருபோதும் மாட்டீர்கள்!

ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு மாணவருக்கு இவ்வளவு நீர், இவ்வளவு மின்சாரம் என்று சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்களா? எட்டாத இலக்கு ஒன்றையேனும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களா? கணக்கைச் சரிபார்த்தவர் வெளியாரா, அவர்களே நியமித்துக்கொண்டவரா? விடை கிடைக்காவிடில் சேர்க்கை அலுவலகத்தில் பணிவோடு கேளுங்கள். பெற்றோர் பலர் கேட்டால் அடுத்த ஆண்டு அறிக்கையே மாறும்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளையும் இதிலிருந்து விலக்கவேண்டா. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை வெளியிட்டார். அதன் வழியில் 2021-இல் தொடங்கிய செயல்திட்டம் பல்கலைக்கழகங்களை மட்டுமன்றிப் பள்ளிகளையும் பங்குகளையும் குடும்பங்களையும் அழைக்கிறது. பிறரிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வளாகத்தில் கிடக்கும் குப்பையின் கணக்கையும் எடுப்போம். குறையையும் கூசாமல் எழுதும் கணக்கே இறைவன் திருமுன் நிற்கும்.