கீவளூரில் இறங்காதவர்கள்

ஜெர்மனியின் கொலோனிலிருந்து திரும்பிய இரண்டாம் வாரம் கல்லூரியில் எங்களைப் பேசச் சொன்னார்கள். நான்கு வாரப் படிப்புக்கு ஐந்து பேர் போயிருந்தோம். ‘பண்பாட்டு வேறுபாடுகள்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினோம். வண்டியே வராத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர்கள், காலி பாட்டிலைக் கடையில் கொடுத்து 25 சென்ட் திரும்ப வாங்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத ஊர். பிள்ளைகள் கைதட்டினார்கள். அங்கே எங்களை உண்மையில் உலுக்கிய ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதை இப்போது எழுதுகிறோம்.

வகுப்புக்குப் போகும் வழியில், நடைபாதையில் சில வீடுகளின் வாசலுக்கு நேரே, உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருந்தன. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். ஒரு கல்லில் பிறப்பு 1936, நாடு கடத்தியது 1942, இடம் மின்ஸ்க் என்றிருந்தது. ஆறு வயதுக் குழந்தை. குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் இதே கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். இடறுகல் என்று பெயர். 2023க்குள் ஐரோப்பா முழுவதும் 1 லட்சம் கற்களைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் இருந்தவர் யார், எங்கே படித்தார், எப்போது இழுத்துப் போனார்கள் என்பதைப் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளே ஆவணங்களில் தேடி எடுக்கிறார்கள்.

காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எங்களுடையது. செத்தவர் பெயரைப் போய் மிதிபடும் இடத்தில் வைப்பார்களா என்று முகம் சுளித்தோம். நம் பண்பாடு வேறு என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம். எங்களோடு நடந்த மாணவி கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பவர். மியூனிக்கிலும் இதே காரணத்துக்காக எதிர்ப்பு எழுந்தது, அங்கே பொது நடைபாதையில் இந்தக் கற்களுக்கு அனுமதி இல்லை என்றார். பிறகு, படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், அதற்காகத்தான் தரையில் என்றார். அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் குனிந்தோம்.

இந்திரா பார்த்தசாரதி வெண்மணியை வைத்து எழுதிய குருதிப்புனல் நாவலைப் படித்திருந்த அவர், சட்டென்று எங்களைக் கேட்டார்: “வெண்மணி உங்கள் ஊருக்குப் பக்கம்தானே? அங்கே 44 பேரின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார்களா?”

எங்களுக்குத் தெரியவில்லை.

திருவாரூரில் படிக்கிறவர்கள் நாங்கள். ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் கூட்டமாக வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறோம். பஸ் கீவளூரில் நிற்கும். டீ குடிப்போம், ஏறிக்கொள்வோம். 1968இல் அதே டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், ராமய்யாவின் குடிசைக்குள் வைத்து எரித்த கீழவெண்மணி அந்தக் கீவளூர் வட்டத்தில்தான் இருக்கிறது. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார் தரப்பினரை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. எண்ணிக்கை எங்களுக்குத் தெரியும், போட்டித் தேர்வில் வரும். பெயரில் ஒன்றுகூடத் தெரியாது. “இருக்கும்” என்று மழுப்பினோம். முடிந்தால் பெயர்களை எழுதி அனுப்புங்கள் என்று அவர் கேட்டார். சரி என்றோம்.

அவர்களுக்கு நினைவுகூரும் பண்பாடு உண்டு, நமக்கு அப்படி வளர்ப்பு இல்லை என்று அன்றிரவு எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். மறுவாரம் எல்-டே இல்லத்துக்குப் போனதும் அந்தத் தேறுதலும் போயிற்று. நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் கொலோன் தலைமையகமாக இருந்தது அது. நிலவறைச் சிறைகளின் சுவர்களில் கைதிகள் ஆணியாலும் நகத்தாலும் கீறிவைத்த எழுத்துகள் ஏறக்குறைய 1,800 உள்ளன. போர் முடிந்தபின் அந்தக் கட்டடத்தில் நகராட்சி அலுவலகங்கள் நடந்தன. சிறை அறைகளில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். 1979இல் குர்ட் ஹோல் என்ற ஆசிரியரும் கெர்நோட் ஹூபர் என்ற புகைப்படக்காரரும் ஓர் இரவு உள்ளேயே தங்கி அந்தச் சுவர்களைப் படமெடுத்து ஊருக்குக் காட்டினார்கள். 1981இல் அது நினைவிடமானது. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஊரும் மேலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு கீழே பார்க்காமல்தான் இருந்திருக்கிறது. நாங்கள் பண்பாடு என்று நினைத்தது, இரண்டு பேர் ஓர் இரவைச் செலவழித்ததிலிருந்து வந்தது. எங்களிடம் கேட்கப்பட்டதோ அரை நாள்.

அதையும் மூன்று மாதம் தள்ளிப்போட்டோம். தேர்வு, வேலைக்கு மனு, மழை என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு ஞாயிறு காலையில்தான் கீவளூரில் இறங்கி வெண்மணி நினைவிடத்துக்குப் போனோம்.

பெயர்கள் இருந்தன. கல்லில், 44ம். நாம் மறந்துவிட்டோம் என்று வெளியூரில் போய்ச் சொல்வதுகூடத் தப்பு என்று அங்கே நின்றபோது உறைத்தது. வெண்மணிக்காரர்கள் மறக்கவில்லை. வருடந்தோறும் அந்த நாளில் ஊரூராக ஆட்கள் கொடியோடு வந்து கூடுகிறார்கள். அரை நூற்றாண்டைத் தாண்டியும் வருகிறார்கள். மறந்தது நாங்கள், அதே சாலையில் போய்வந்துகொண்டிருந்தவர்கள். ‘நாம்’ என்ற சொல்லுக்குள் அவர்களையும் இழுத்துப் போட்டு எங்கள் குற்றத்தைப் பங்கு பிரித்திருக்கிறோம்.

ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதினோம். படமெடுத்தே அனுப்பியிருக்கலாம், கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து நின்று பார்த்தார்.

“எந்த ஊருய்யா?”

“திருவாரூர், பாட்டி.”

“பக்கத்துலதானே இருக்கீங்க” என்றார்.

ஆமாம் என்றோம்.