அல்லாத, இல்லாத

தமிழில் ‘அல்’ வேறு, ‘இல்’ வேறு. ‘இது மருந்து அல்ல’ என்பது தன்மையை மறுக்கிறது. ‘மருந்து இல்லை’ என்பது இருப்பை மறுக்கிறது. இலக்கண வகுப்போடு முடிந்துவிடும் வேறுபாடு அன்று இது.

‘காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா’ என்பது மண்ணிலும் நீரிலும் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட கிருமி இனங்களின் பொதுப்பெயர். அவற்றுள் சில நுரையீரலைத் தாக்கும். அப்பெயரிலுள்ள ‘அல்லாத’ கிருமியைக் குறிக்கிறது. நாமோ அதனை நோயாளிக்கு ஏற்றி, ‘காசநோய் இல்லாதவர்’ என்று படித்துவிடுகிறோம். ஒரே நுரையீரலில் இரண்டும் இருக்கக்கூடும். காசநோய் விட்டுச்சென்ற குழிகளிலேயே மற்றவை குடியேறுவதும் உண்டு.

சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டால் இரண்டும் ஒரே சிவப்புக் கோல்கள். சீபிநாட் சோதனை காசநோய்க் கிருமியை மட்டுமே தேடும். அது அகப்பட்டபின் மற்றதைத் தேடுவோர் அரியர். வளர்ப்புச் சோதனையிலோ, விரைந்து வளரும் இனம் காசநோய்க் கிருமியை மறைத்துவிடலாம். மருந்துண்டும் சளியில் கோல்கள் நீடித்தால், மருந்து எதிர்ப்புக் காசநோய் என்றே முதலில் ஐயுறுகிறோம். ஆனால், ஏவியம் வகைக் கிருமி ஐசோனியசிடுக்கும் பைரசினமைடுக்கும் இயல்பிலேயே கட்டுப்படாதது. அதற்கு அசித்ரோமைசின் போன்ற மருந்து சேர்ந்த கூட்டுச் சிகிச்சை வேண்டும். சளி தூய்மையானபின்னும் ஓராண்டு தொடரவேண்டும்.

இக்கிருமிகள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, 1979இல் வெளியான முடிவுப்படி, நுரையீரல் காசநோயிலிருந்து காப்பு அளிக்கவில்லை. அங்குள்ள மக்களுக்குச் சூழலிலுள்ள மைக்கோபாக்டீரியாக்களோடு முன்பே ஏற்பட்டிருந்த தொடர்பு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

சளியில் ஒருமுறை தோன்றியதெல்லாம் நோய் ஆகாது. குழாய்நீரிலிருந்தும் வந்திருக்கலாம் என்பர். உண்மை. அதனால்தான் இரு வேறு சளி மாதிரிகளிலாவது கிருமி வளரவேண்டும், அறிகுறியும் மார்புப் படமும் பொருந்தவேண்டும் என்கின்றன நெறிமுறைகள். ஆனால், அது கவனமாகத் தேடுவதற்கான விதி. தேடாமலிருப்பதற்கான சாக்கு அன்று.

2012இல் காசநோயை அரசுக்கு அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. மற்றவற்றுக்கு அக்கட்டாயம் இல்லை. எண்ணப்படாத நோய்க்குத் திட்டமும் வகுக்கப்படுவதில்லை. நான் வாழும் ஹைதராபாதில் சி.சி.எம்.பி., சி.டி.எஃப்.டி. போன்ற ஆய்வகங்கள் உள்ளன. கிருமியை இனம் பிரித்துப் பெயரிடும் அறிவுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. அவ்வறிவு, மருந்துக்குப் பின்னும் கோல்கள் மறையாத ஒவ்வொருவரின் சளிக் குப்பி வரைக்கும் செல்லவேண்டும்.

‘இது காசநோய்க் கிருமி அல்ல’ என்று எழுதும் கை, ‘காசநோயும் இல்லையா?’ என்ற கேள்வியையும் எழுதட்டும்.